பீப்பாயில் வளரும் ஒயின்: ரியோஹா பற்றி வாசகர் கேள்விகள்

வட ஸ்பெயினில், எப்ரோ ஆற்றின் இரு கரையிலும் விளையும் ரியோஹா சிவப்பு ஒயினைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்து எடுக்கும் ஒயின் அது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: பாட்டிலில் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்று போட்டிருக்கிறது. இந்த வரிசையில் போகப் போகத் தரமும் ஏறுமா? (சிங்கப்பூர் வாசகர்)

இந்தப் பெயர்கள் காலத்தைத்தான் சொல்கின்றன, தரத்தை அல்ல. ‘கிரியான்சா’ என்றால் ஸ்பானிய மொழியில் வளர்ப்பு. பிள்ளை வளர்ப்புக்கும் அதே சொல்தான். ரியோஹா சிவப்பு ஒயின் கிரியான்சா ஆக வேண்டுமானால் மொத்தம் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 1 ஆண்டு பீப்பாயில். ரெசெர்வாவுக்கு மொத்தம் 3 ஆண்டு. பீப்பாயில் குறைந்தது 1 ஆண்டு, பாட்டிலில் குறைந்தது 6 மாதம். கிரான் ரெசெர்வாவுக்கு மொத்தம் 5 ஆண்டு. பீப்பாயில் 2, பாட்டிலில் 2. பீப்பாய் என்று இங்கே சொல்வது 225 லிட்டர் பீப்பாயை. ஒரு பீப்பாய்க்குச் சரியாக 300 பாட்டில்.

பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய முத்திரைச் சீட்டைப் பாருங்கள். அதைக் கொடுப்பது ரியோஹாவின் ஒழுங்குமுறைக் கழகம். பச்சை என்றால் இந்தக் கால அளவுக் கணக்குக்குள் வராத இளம் ஒயின், சிவப்பு கிரியான்சா, கருஞ்சிவப்பு ரெசெர்வா, நீலம் கிரான் ரெசெர்வா.

ஐந்து ஆண்டு தாங்குவதற்குப் பழத்திலேயே சத்து வேண்டும். மெலிந்த பழத்தில் எடுத்த ஒயினை ஐந்து ஆண்டு வைத்தால் மரவாடையும் வறட்சியும்தான் மிஞ்சும். ஒழுங்குமுறைக் கழகம் ஒவ்வோர் ஆண்டு விளைச்சலுக்கும் மதிப்பீடு கொடுக்கிறது. 1994, 1995, 2001, 2004, 2005, 2010, 2011 ஆகியவை ‘மிகச் சிறப்பு’ என்று அறிவிக்கப்பட்ட ஆண்டுகள். நல்ல ஆண்டில் நல்ல நிறுவனம் எடுத்த கிரியான்சா, சுமாரான ஆண்டின் கிரான் ரெசெர்வாவைவிட மேலாக இருக்கலாம். எங்களைக் கேட்டால் சாப்பாட்டோடு குடிக்கப் பெரும்பாலும் ரெசெர்வாவைத்தான் சொல்வோம். பழமும் மரமும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கிற பருவம் அது.

கே: ரியோஹாவை முகர்ந்தால் தேங்காய் வாசனை வருகிறதே? ஏதாவது சேர்க்கிறார்களா? (நாகர்கோவில் வாசகி)

எதுவும் சேர்ப்பதில்லை. அது மரத்தின் வாசனை. ரியோஹாவில் பரம்பரையாகப் பயன்படுவது அமெரிக்க வெள்ளை ஓக். ‘ஓக் லாக்டோன்’ என்ற பொருள் அதில் பிரெஞ்சு ஓக்கைவிட அதிகம். தேங்காய்க்கு மணம் கொடுப்பதும் லாக்டோன் குடும்பத்துப் பொருள்கள்தான். அதனால் உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. கூடவே வெனிலா வாசனை வந்தால் அது மரத்தின் லிக்னின் சிதைந்து உண்டாகும் வெனிலின். கிராம்பு வாசனை வந்தால் யூஜெனால். கிராம்புத் தைலத்தில் இருக்கும் அதே யூஜெனால். தூக்கலான தேங்காய் வாசனை பெரும்பாலும் புதுப் பீப்பாயின் அடையாளம்.

கே: வேறு மரம் கிடையாதா? ஓக் மட்டும் ஏன்? அமெரிக்க ஓக்குக்கும் பிரெஞ்சு ஓக்குக்கும் அப்படி என்ன வித்தியாசம்? (தஞ்சாவூர் வாசகர்)

மரம் திரவத்தைக் கசியவிடக் கூடாது, ஆனால் காற்றை மிக மெல்ல உள்ளே விட வேண்டும். வளைத்தால் முறியக் கூடாது. கெட்ட வாடையோ பிசினோ இருக்கக் கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுப்பது ஓக். ஸ்பெயினில் முன்பு செஸ்ட்நட் மரத்திலும் பீப்பாய் செய்தார்கள். அதன் துவர்ப்பு முரடு. தேக்குப் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள் ஒயினில் வாடையை ஏற்றிவிடும்.

அமெரிக்க ஓக்கின் நீர்க்குழாய்களை இயற்கையே ஒருவகைச் சவ்வால் அடைத்து வைத்திருக்கிறது. ஆகவே அதை ரம்பத்தால் அறுத்தாலும் ஒழுகாது. பிரெஞ்சு ஓக்கில் அந்த அடைப்பு குறைவு. அறுத்தால் குழாய் திறந்துகொண்டு ஒழுகும். அதனால் விறகு பிளப்பதைப் போல நார் ஓடும் திசையிலேயே பிளந்து பலகை எடுக்க வேண்டும். அடிமரத்தில் பெரும்பகுதி கழிவாகப் போகிறது. பிரெஞ்சுப் பீப்பாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை விற்பதற்கு முதற்காரணம் இது.

பலகையை வெட்டவெளியில் அடுக்கி 2 முதல் 3 ஆண்டு மழையிலும் வெயிலிலும் விட்டுவிடுவார்கள். கசப்பும் முரட்டுத் துவர்ப்பும் கழுவிக்கொண்டு போகும். சூளையில் அவசரமாக உலர்த்திய பலகையில் இது நடக்காது; அந்தப் பச்சைக் கசப்பு நேரே ஒயினுக்கு வரும். பிறகு பலகைகளை வட்டமாக நிறுத்தி, ஒரு முனையில் வளையம் மாட்டி, நடுவில் ஓக் சிராய்களைக் கொளுத்தி வைப்பார்கள். வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மரம் இளகும்; கம்பி வடத்தால் மெல்ல இறுக்கி வளைத்துவிடலாம். வளைந்த பின்னும் தீயை அணைப்பதில்லை. உட்புறம் ரொட்டி நிறத்துக்கு வரும்வரை வாட்டுவார்கள். இலேசாக வாட்டினால் மர வாசனை, நடுத்தரமாக வாட்டினால் வெனிலா, கருக வாட்டினால் புகையும் காப்பியும்.

ஆணி கிடையாது, பசை கிடையாது. மூடிப் பலகை பொருந்தும் பள்ளத்தில் மட்டும் மாவும் தண்ணீரும் குழைத்த பசையைத் தடவுவார்கள். மூடிப் பலகைகளின் இடுக்கில் உலர்ந்த கோரைத் தட்டையைச் செருகுவதும் உண்டு. மற்றபடி ஒழுகாமல் காப்பது, ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும் இறுக்கம்தான்.

கே: ஸ்பெயின் ஒயினில் பிரெஞ்சுக்காரர்களின் கைவரிசை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. லபாஸ்தீதாவைச் சேர்ந்த மனுவேல் கின்தானோ என்ற பாதிரியார் 1780-களிலேயே பிரான்சின் போர்தோ வட்டாரத்து முறையைக் கற்றுவந்து பீப்பாயில் ஒயின் வைத்தார். பீப்பாயில் வைத்ததற்கும் வைக்காததற்கும் ஒரே விலை என்று உள்ளூர்க் கட்டுப்பாடு இருந்ததால் அந்த முயற்சி படுத்துவிட்டது. 1852-ல் லூசியானோ முர்ரியேத்தா என்பவர் மீண்டும் தொடங்கினார். 1858-ல் எல்சியேகோ ஊரில் மார்கேஸ் தே ரிஸ்கால் என்ற ஒயின் நிறுவனம் வந்தது. 1862-ல் ஆலவா மாகாண அரசு, ஜான் பினோ என்ற போர்தோ நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்தி விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னது.

அதன்பின் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. சரக்குக்குத் தவித்த போர்தோ வியாபாரிகள் தெற்கே இறங்கினார்கள். ஆரோ என்ற சிறிய ஊருக்கு 1860-களில் ரயில் வந்திருந்தது. அந்த ரயில் நிலையத்தைச் சுற்றியே லோப்பஸ் தே எரேதியா (1877), குனே (1879), லா ரியோஹா ஆல்த்தா (1890) என ஒயின் நிறுவனங்கள் முளைத்தன. இன்றும் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘ரயிலடிப் பேட்டை’ என்ற பொருளில்தான் வழங்குகிறது. பீப்பாயின் வடிவமும் 225 லிட்டர் அளவும் போர்தோவுடையவை; மரம் மட்டும் ஸ்பெயினின் அட்லாண்டிக் வணிகத்தால் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரியோஹாவுக்கு ஊர்ப்பெயர்க் காப்பு 1925-ல் கிடைத்தது. 1991-ல் அதற்கும் மேலான தகுதி கிடைத்தது. ஸ்பெயினில் அதைப் பெற்ற முதல் பகுதி இதுவே.

கே: பழம் பறிப்பதிலிருந்து பீப்பாய்க்குப் போகும்வரை என்னென்ன செய்கிறார்கள்? அளவுகளோடு சொல்லுங்கள். (கோவை வாசகர், உணவுத் தொழில்நுட்ப மாணவர்)

முதன்மையான பழம் தெம்ப்ரானியோ. ‘தெம்ப்ரானோ’ என்றால் சீக்கிரம். சீக்கிரம் பழுப்பதால் அந்தப் பெயர். அதற்கு நிறமும் பழச்சுவையும் உண்டு, புளிப்பு குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கவே கிராசியானோ, மசுவேலோ என்ற திராட்சை வகைகளைக் கொஞ்சம் கலக்கிறார்கள். கர்னாச்சா என்ற வகை உடற்கட்டும் ஆல்கஹாலும் தரும். சிவப்புப் பழத்துக்கு ஹெக்டேருக்கு 6,500 கிலோ உச்சவரம்பு. 100 கிலோவிலிருந்து 70 லிட்டர் ஒயின். கணக்குப் போட்டால் ஒரு ஹெக்டேருக்கு 20 பீப்பாய்.

பறித்த பழத்தில் காம்பை நீக்கி, விதை நசுங்காமல் மெல்ல உடைத்துத் தோலோடு தொட்டியில் இறக்குவார்கள். விதை நசுங்கினால் கசப்பு இறங்கும். கெட்டுப்போகாமல் காக்க, 100 கிலோவுக்குச் சுமார் 5 கிராம் சல்ஃபர் டை ஆக்சைடு (கந்தக வாயு) சேர்ப்பது வழக்கம். சாற்றில் லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால். ஆகவே 230 கிராம் சர்க்கரை உள்ள சாறு சுமார் 13.5 சதவீதத்தில் நிற்கும்.

நொதிக்கும்போது கரியமில வாயு தோலையெல்லாம் மேலே தள்ளித் தடித்த ஆடைபோலக் கட்டிவிடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன? அதனால் நாளுக்கு 2, 3 முறை அடியிலிருந்து சாற்றை எடுத்து அந்த ஆடை முழுதும் நனையும்படி மேலே ஊற்ற வேண்டும். வெப்பம் 26 முதல் 30 டிகிரிக்குள். 35-ஐ நெருங்கினால் ஈஸ்ட் சோர்ந்து, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தல் நின்றுபோகும். நின்றுபோன தொட்டியில் மிஞ்சிய சர்க்கரையைப் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். அதை மீட்பது பெரும்பாடு. ஒழுங்காகப் போனால் 7 முதல் 14 நாளில் முடியும்.

அடுத்தது இரண்டாம் நொதித்தல். இதில் ஈஸ்ட்டுக்கு வேலையில்லை, பாக்டீரியாவுக்குத்தான். பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம், தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாறும். நறுக்கென்ற புளிப்பு மெத்தென்று ஆகும். தொட்டி 18 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். ரியோஹாவின் நவம்பர், டிசம்பர் குளிரில் பாக்டீரியா தூங்கிவிடும். சூடேற்றாவிட்டால் வசந்தம் வரை இழுக்கும். இது முடியாமல் பாட்டிலில் அடைத்தால், பாட்டிலுக்குள் நொதித்து ஒயின் நுரைக்கும்.

கே: பீப்பாய்க்குள் இரண்டு வருடம் சும்மாதானே கிடக்கிறது? (சென்னை வாசகி)

நாங்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிற விஷயம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. பீப்பாய் என்றால் வாசனை ஏற்றும் பாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். வாசனை பாதிக்கதைதான். புதுப் பீப்பாய் தன் வாசனையில் பெரும்பங்கை முதல் ஆண்டிலேயே கொடுத்துவிடும். நான்கைந்து ஆண்டான பீப்பாயில் கொடுக்க ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சியிருக்காது. இருந்தும் லோப்பஸ் தே எரேதியா பல பத்தாண்டு பழைய பீப்பாய்களைத் தன் சொந்தப் பட்டறையில் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகிறது. காரணம் காற்று.

மரத்தின் வழியாகவும் பலகை இடுக்கு வழியாகவும் ஆண்டுக்கு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் ஆக்சிஜன்தான் உள்ளே போகும். அந்தச் சிறிய அளவு போதும். ஆல்கஹாலில் ஒரு துளி அசிட்டால்டிஹைடாக மாறி, நிறப்பொருளையும் துவர்ப்புப் பொருளையும் பாலம்போல இணைக்கும். இணைந்த நிறம் சீக்கிரம் வெளுக்காது. இணைந்த துவர்ப்பு நாக்கை இழுக்காது. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் வருகிற அந்த இழுப்பு, இரண்டாண்டில் நாக்கில் தடவினாற்போல ஆகிவிடும். ஊதா நிறம் மாறிச் செங்கல் சாயல் விளிம்பில் தெரியும்.

சும்மாவும் கிடப்பதில்லை. ஒரு பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 5 முதல் 9 லிட்டர் ஆவியாகிப் போகும். வாரமோ இரு வாரமோ ஒருமுறை அதே ஒயினை ஊற்றி வாய்வரை நிரப்ப வேண்டும். நிலவறையில் 12 முதல் 16 டிகிரி வெப்பமும் 75 முதல் 85 சதவீத ஈரப்பதமும் இருப்பது நல்லது. காற்று வறண்டால் தண்ணீர் முந்திப் போய் ஆல்கஹால் ஏறும். ஈரம் மிகுந்தால் ஆல்கஹால் முந்திப் போகும், வெளியே பூஞ்சையும் படரும்.

6 மாதத்துக்கு ஒருமுறை தெளிவை இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். புளி கரைத்துக் கசண்டு தங்கவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் இறுப்பது போலத்தான். பழைய முறையில், மூடிப் பலகையின் அடிப்பகுதியில் குழாய் மாட்டி, ஒயினைத் தன் எடையிலேயே கீழிருக்கும் பீப்பாய்க்கு ஓட விடுவார்கள். ஒருவர் குழாயருகே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் பிடித்து மெழுகுவர்த்திச் சுடருக்கு முன்னே தூக்கிப் பார்ப்பார். சுடர் கூர்மையாகத் தெரிகிறவரை ஓடலாம். சுடரைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரிந்ததும் குழாயை மூடிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கசண்டு கலந்துவிடும். காலியான பீப்பாயைக் கழுவி, கந்தகத் திரி கொளுத்தி, மீண்டும் பயன்படுத்துவார்கள்.

கே: முட்டையின் வெண்கரு சேர்ப்பதாகப் படித்தேன். நாங்கள் சைவம். (மதுரை வாசகர்)

சேர்ப்பதுண்டு. பீப்பாய்க்கு 3 முதல் 6 வெண்கரு. அதை இலேசாக அடித்து ஊற்றினால், முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். பிறகு இறுத்துவிடுவார்கள். பெரும்பகுதி கசண்டோடு போய்விடுகிறது என்றாலும் சைவம் என்று சொல்ல முடியாது. முட்டைப் புரதம் மிஞ்சியிருப்பது சோதனையில் தெரிந்தால் அதை லேபிளில் போட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் சட்டம். பென்டோனைட் களிமண்ணாலோ பட்டாணிப் புரதத்தாலோ தெளியவைத்த ஒயின்களும் உண்டு. லேபிளில் ‘வீகன்’ என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கே: பீப்பாய்க்குப் பதில் ஓக் சிராய்களை ஒயினில் ஊறப்போட்டால் செலவு குறையுமே?

குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் இதற்கு அனுமதியும் கொடுத்தது. ஆனால் அப்படிச் செய்த ஒயினைப் பீப்பாயில் வைத்தது என்று லேபிளில் எழுதக் கூடாது. வாசனை வரும், மேலே சொன்ன மெதுவான காற்று வராது. முதல் மடக்கில் வெனிலாவும் அதன் பின்னால் பச்சைத் துவர்ப்பும் தனித்தனியாக நிற்கும்.

கே: எங்கே தவறு நடக்கும்? (யாழ்ப்பாண வாசகர்)

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, காடியாவது. பீப்பாயை வாய்வரை நிரப்பாமல் விட்டால் மேலே காற்று தங்கும். அசிட்டோபாக்டர் பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக்கும். அசிட்டிக் அமிலம் லிட்டருக்கு 0.7 கிராம் அளவில் மூக்குக்குத் தெரியத் தொடங்கும். சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய உச்சவரம்பு 1.2 கிராம். காடியானதை மீண்டும் ஒயினாக்க வழியில்லை.

இரண்டாவது, பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். குதிரை லாய வாடை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடை. இது மரத்துக்குள் பல மில்லிமீட்டர் ஊடுருவிக் குடியிருப்பதால் மேலோடு கழுவினால் போகாது. தெம்ப்ரானியோவுக்கு இந்த ஆபத்து கூடுதல். புளிப்பு குறையக் குறைய கந்தகத்தின் காவல் தளர்ந்துபோகும். பி.எச். (புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவு) 3.4-ல் உள்ள ஒயினில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு செய்யும் வேலையில் பாதியைக்கூட 3.8-ல் அதே 25 மில்லிகிராம் செய்யாது. அளவை மட்டும் பார்த்துவிட்டு பி.எச். பார்க்காதவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தொற்றிய பீப்பாயைக் கழித்துவிடுவதே மிச்சம்.

மூன்றாவது, நனைந்த அட்டைப்பெட்டி வாடை. டி.சி.ஏ. என்ற பொருள், லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒயின் ஊமையாகிவிடும். கார்க்கில் வருவதுதான் அதிகம். ஆனால் நிலவறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் குளோரினும் மரத்துப் பூஞ்சையும் சேர்ந்து அங்கேயே உண்டாகும். பீப்பாய் அறையில் குளோரின் கூடவே கூடாது. வெந்நீரும் நீராவியும்தான்.

காலிப் பீப்பாய் காய்ந்துபோனால் பலகை சுருங்கி ஒழுகும். மாதம் ஒருமுறை 5 முதல் 10 கிராம் கந்தகத் திரி கொளுத்தி அடைத்து வைக்க வேண்டும். மீண்டும் நிரப்பும் முன் 10, 15 லிட்டர் வெந்நீர் ஊற்றி, வாயை அடைத்து, உருட்டி, ஒவ்வொரு மூடியின்மேலும் நிறுத்திப் பாருங்கள். எந்த இடுக்கில் குமிழி விடுகிறதோ அங்கே வளையத்தை இறுக்கினால் போதும்.

கே: உறவினர் ஒரு ரியோஹா ரெசெர்வா கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர் வெயிலில் எப்படி வைப்பது, எப்படிப் பரிமாறுவது? (வேலூர் வாசகர்)

அலமாரியில் வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் இருந்தால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். உள்ளே பழம் வெந்த ஜாம் போலாகிவிடும். சில மாதத்துக்குள் குடிப்பதானால் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் படுக்க வைத்தாலே போதும். வருடக்கணக்கில் சேமிக்க அது ஏற்ற இடம் இல்லை, கார்க் உலர்ந்துவிடும்.

‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்ற அறிவுரை குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். வெளியே வைத்திருந்த பாட்டிலானால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் 10 முதல் 15 நிமிடம் அமிழ்த்துங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்தது வேகமாகக் குளிர்விக்கும். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட பாட்டிலானால் முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். திறந்ததும் ஒரு ஜாடியில் மெல்லச் சாய்த்து, கழுத்தருகே கசண்டு வந்ததும் நிறுத்துங்கள். அடியில் பளபளக்கும் சிறு படிகங்கள் கண்ணாடித் துண்டு அல்ல. திராட்சையின் டார்ட்டாரிக் அமில உப்பு. பல்லில் பட்டால் நறநறக்கும், வேறு கெடுதல் இல்லை.